நெல்லின் சேறு, சோயாவின் வேர்

தை மாதக் கடைசியில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பகல் பேருந்தில் போகிறவர்கள் ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. விக்கிரவாண்டியைத் தாண்டினால் அறுத்து முடித்த கழனிகள் வரிசையாக வரும். ஒன்றில் வெறும் நெல்தாள் நிற்கும். அடுத்ததில் தாளுக்கிடையே உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும். அதற்கும் அடுத்ததில் டிராக்டர் புரட்டிப்போட்ட மண்கட்டிகள் கிடக்கும், ஒவ்வொன்றும் தேங்காய் பருமனில். மூன்றும் ஒரே ஏரிப் பாசனம், ஒரே களிமண், ஒரே வாரத்தில் அறுத்த கழனிகளாகக்கூட இருக்கலாம். ஒருவர் உழாமலே விதைத்துவிட்டார், ஒருவர் உழுதுவிட்டு விதைக்கலாம் என்று இருக்கிறார், ஒருவர் தரிசாகவே விட்டுவிட்டார். மூவரில் யார் கெட்டிக்காரர் என்பதைப் பேருந்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இறங்கி, ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கதையை உளுந்தை வைத்தே சொல்லியிருக்கலாம். விழுப்புரம் உளுந்து மாவட்டம். அறுவடைக் காலத்தில் இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்குப் போனால் தெரியும். ஆனாலும் நான் சோயாவை எடுத்துக்கொள்கிறேன். உளுந்து பெருந்தன்மையான பயிர். மண்ணில் நாம் செய்த தவறுகளில் பாதியைச் சகித்துக்கொண்டு காய்த்துவிடும். சோயா அப்படியில்லை, மண் கெட்டிருந்தால் எங்கே கெட்டிருக்கிறது என்பதை முளைப்பிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

நெல்லுக்குப் பின் சோயா போடுவதென்றால் எப்படி உழ வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தை மாதத்தில் கேட்கிறார்கள். அதற்குள் பாதி விடை முடிவாகியிருக்கும். நெல்லுக்காகப் புரட்டாசியில் சேடை ஓட்டினோமே, அப்போதே.

சேடை ஓட்டும்போது மண்ணுக்கு என்ன ஆகிறது? நல்ல மண் வெறும் தூளின் குவியல் அல்ல. களித்துகள், மக்கு, பூஞ்சை இழை, வேர் கசியும் பிசின் எல்லாம் சேர்ந்து கட்டிவைத்த சிறுசிறு பொருக்குகளால் ஆனது அது. பொருக்குகளுக்கு நடுவே உள்ள அகலமான சந்துகளில் காற்று ஓடும். பொருக்குக்கு உள்ளே இருக்கும் நுண்ணிய துளைகளில் தண்ணீர் தங்கும். கழனியில் தண்ணீரைக் கட்டி, டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டி நாலு ஓட்டு ஓட்டினால் இந்தப் பொருக்குகள் உடைந்து, களித்துகள் தனித்தனியாகப் பிரிந்து மிதந்து, பிறகு சாவகாசமாகப் படிந்து சந்துகளை அடைத்துக்கொள்ளும். மேலே ஒரு சாண் ஆழம் கூழ். கூழுக்கு அடியில் ஆண்டுக்கு ஆண்டு வண்டியின் பாரம் அழுத்திய இடத்தில் கெட்டியான ஒரு தட்டு. பெரும்பாலான நன்செய்களில் 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில் இந்தக் கடினத் தட்டைக் காணலாம்.

நெல்லுக்கு இதெல்லாம் சௌகரியம். தண்ணீர் கீழே வழியாது, களை அடங்கிக் கிடக்கும், நாற்று நடும் விரல் சுலபமாக இறங்கும். சேற்றில் காற்று இல்லையே என்ற கவலையும் நெல்லுக்கு இல்லை. இலையிலிருந்து வேர்நுனி வரைக்கும் காற்றுக்குழல் போட்டுக்கொண்டு பிறந்த பயிர் அது. சோயாவுக்கு அந்தப் பிறவி வசதி கிடையாது. அதன் வேருக்கு வேண்டிய காற்று மண்ணின் சந்துகள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்தச் சந்துகளைத்தான் நாம் சில மாதங்களுக்கு முன் மெனக்கெட்டு அடைத்து வைத்திருக்கிறோம்.

அறுப்புக்கு முன் தண்ணீரை வடித்ததும் கூழ் இறுகத் தொடங்குகிறது. இங்கேதான் காலக்கணக்கு வருகிறது. முதலில் கால் புதையும் சேறு. சில நாளில் காலடி பதியும், ஆனால் ஒட்டாது. இதைத்தான் மெழுகுப் பதம் என்கிறார்கள். அதன்பின் மண் மெல்ல வெளிறும், சுருங்கும், வெடிக்கும். கடைசியில் கடப்பாரை கேட்கும். ஆல்பர்ட் அட்டர்பெர்க் என்ற சுவீடன் நாட்டு வேதியியலார் களிமண்ணின் இந்த மாறுதல்களுக்கு 1911இல் எல்லைக்கோடுகள் வகுத்தார். மண்ணை உள்ளங்கையில் வைத்துத் திரித்துக்கொண்டே போனால் எந்த ஈரத்தில் திரி அறுந்து உதிர்கிறதோ, அங்கே குழைவு நிலை முடிகிறது. திரியின் தடிமன் 3 மில்லிமீட்டர் என்று பின்னால் வந்தவர்கள் அளவு வைத்தார்கள். இன்று கட்டடம் கட்டுகிற பொறியாளர்கள் ஆய்வகத்தில் செய்யும் இதே சோதனையை வரப்பில் உட்கார்ந்து செய்யலாம். திரி அறுபடாமல் நீண்டால் உழக்கூடாது, உழுதால் கொழு மண்ணை வழித்து இழுத்து, மறுபடியும் சேடை ஓட்டியதுபோல் ஆக்கிவிடும். திரி அறுந்து உதிர்ந்தால் உழலாம். திரிக்கவே வரவில்லை, தூளாகவோ கட்டியாகவோ நிற்கிறது என்றால் உழுது பயனில்லை, தேங்காய் பருமனில் கட்டிகள்தான் கிடைக்கும்.

கனத்த களியில் உழவுக்கு ஏற்ற பதம் சில நாள்தான் நீடிக்கும். அந்தச் சில நாளில் கிராமம் முழுவதும் டிராக்டருக்கு அலையும்.

இனி விதையிடம் வருவோம். சோயா விதை முளைக்க வேண்டுமானால் தன் எடையில் பாதியளவு தண்ணீரைக் குடித்தாக வேண்டும். மக்காச்சோளத்துக்கு முப்பது விழுக்காடு போதும். முளைத்த பின்பு இரண்டு கொழுத்த பருப்பையும் முதுகில் சுமந்துகொண்டு, தண்டு கொக்கிபோல் வளைந்து மண்ணை முட்டித் திறக்க வேண்டும். மேலே மண் இறுகி ஏடு கட்டியிருந்தால் கழுத்து ஒடிந்துவிடும். அதே சமயம் மண் சொதசொதவென்று இருந்தால் விதை மூச்சுமுட்டி அழுகும். உளுந்துபோல் மெழுகுப் பதத்தில் வீசிவிட்டுப் போனால் என்ன? உளுந்து சின்னது, சேற்றில் பாதி புதைந்துகொள்ளும், குடிக்க வேண்டிய தண்ணீரும் குறைவு. சோயா மேலே உருண்டு நின்று, அடிப்பக்கம் மட்டும் நனைந்து, மேல்பக்கம் வெயிலில் காய்ந்து, உப்பிச் சுருங்கி வீணாகும். மிச்சத்தைப் புறா பார்த்துக்கொள்ளும்.

போதாததற்குச் சோயா விதை சேமிப்பில் சீக்கிரம் வீரியம் இழக்கும் சாதி. சான்று விதைக்கே 70 விழுக்காடு முளைப்புத்திறன் போதும் என்று சட்டம் இறங்கி வந்திருப்பதற்குக் காரணம் அதுதான். கடலோரப் புழுக்கத்தில் கிடந்த மூட்டை அந்த எழுபதைக்கூடக் காப்பாற்றுமா என்பது சந்தேகம். எனவே விதை வாங்கியதும் நூறு விதையை ஈரச்சாக்கில் சுருட்டி எண்ணிப் பார்ப்பதை நான் சடங்காகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

முளைப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? சோயா குறும்பகல் பயிர். பகல் நீளம் குறைந்தால் பூக்க அவசரப்படும். தையிலும் மாசியின் பெரும்பகுதியிலும் நம் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைத் தொடாது. மத்தியப் பிரதேசத்தில் ஆனியில் விதைத்து இடுப்பளவு வளர்கிற செடி இங்கே முழங்காலளவிலேயே பூத்துவிடும். ஒவ்வொரு செடியும் சிறிது என்பதால் செடிகளின் எண்ணிக்கையில்தான் மகசூல் இருக்கிறது. உழவு முறை மகசூலைத் தொடுவது முதலில் இந்த எண்ணிக்கை வழியாகத்தான். பயிர் நிற்கவில்லை என்றால் அதற்கு மேல் எந்த உரத்தைப் பற்றிப் பேசியும் பயனில்லை.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு உழவர்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெம்பே எனும் சோயாக் கட்டி அன்றாட உணவு. நெல்லறுத்த கழனியில் சோயா போடுவது பழைய பழக்கம். உழுவதில்லை. கூரான கழியால் அறுத்த தாளின் காலடியில் குழி குத்தி விதையைப் போட்டு மூடுகிறார்கள். மேலே வைக்கோலைப் பரப்புவதும் உண்டு. தாளின் காலடி என்பதில்தான் சூட்சுமம். நெல் செத்தபின் அதன் வேர்கள் மக்கி, சேற்றுக்குள் மெல்லிய சுரங்கங்களை விட்டுச்செல்கின்றன. கெட்டியான மண்ணில் சோயா வேருக்குக் கிடைக்கும் ஆயத்தப் பாதை அது. உழுதால் அந்தப் பாதை அழிந்துபோகும். வைக்கோல் வெயிலை மறைத்து, மெழுகுப் பதத்தை இன்னும் சில நாள் நீட்டித் தருகிறது.

உழாமல் விதைப்பது என்றதும் பிரேசிலை மேற்கோள் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பரானா மாநிலத்தில் ரோலாந்தியா என்ற ஊரில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி 1972இல் உழாமல் சோயா விதைத்தார். மழையில் மண் அடித்துக்கொண்டு போவதைத் தடுக்க அவர் கண்ட வழி நாடு முழுவதும் பரவியது. பெரிய சாதனைதான். ஆனால் அது சேடை காணாத மண். சந்துகள் அடைபடாமல் இருக்கும் மண்ணைக் கலைக்காமல் விடுவது ஒன்று, அடைத்துவைத்த மண்ணைக் கலைக்காமல் விடுவது வேறு. நமக்குப் பாடம் சொல்ல வேண்டியவர்கள் ஜாவாவும் ஜப்பானும்தான். நெல் மிதமிஞ்சிப்போய் 1970 வாக்கில் ஜப்பான் அரசு நெற்பரப்பைக் குறைக்கச் சொன்னபோது, அந்தக் கழனிகளில் ஒரு பங்கு சோயாவுக்கு மாறியது. அங்கே சிக்கல் காய்ச்சல் அல்ல, ஈரம். நிலத்தடியில் வடிகுழாய் பதித்தார்கள், கரை அணைத்து மேட்டில் விதைத்தார்கள். பல்லாண்டு கழித்தும், நெல்கழனிச் சோயாவுக்கு முதல் எதிரி தேங்கிய நீர்தான் என்றே அவர்களுடைய வேளாண் நூல்கள் சொல்கின்றன.

அப்படியானால் விழுப்புரத்துக்கு ஜாவாவா, ஜப்பானா? அது ஆண்டைப் பொறுத்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. அப்படி ஓர் ஆண்டில் ஏரிக்கீழ்க் கழனி தை முழுக்கச் சேறாகவே கிடக்கலாம். அவசரப்பட்டு ஊன்றிய சோயா அழுகும். வடகிழக்குப் பருவமழை கார்த்திகையோடு கைவிட்ட ஆண்டில் அறுப்பு முடிந்த பத்தாம் நாளே கழனி வெடித்துவிடும். அப்போது உழுது, கட்டி உடைத்து, பரம்படித்து விதைக்க நினைப்பவர் ஒவ்வொரு ஓட்டிலும் இருக்கிற ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறார். கிணற்றிலோ ஏரியிலோ தண்ணீர் வைத்திருப்பவர் உழலாம். ஈரத்தை மட்டும் நம்பியிருப்பவர் உழக்கூடாது. சுருக்கமாக என் தீர்ப்பு அதுதான். ஆனால் கடினத் தட்டு அந்தத் தீர்ப்பைக் கலைக்க வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். வண்டல் கலந்த களிமண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் தண்ணீரைப் பயிருக்குக் கொடுக்கக்கூடிய நிலையில் பிடித்து வைக்கும் என்று கொள்வோம். வேர் தட்டில் முட்டி 20 சென்டிமீட்டரோடு நின்றால் கைக்கு எட்டுவது 30 மில்லிமீட்டர். மாசி வெயிலில் நன்றாக இலை விட்ட பயிர் நாளொன்றுக்கு நாலு மில்லிமீட்டர் குடிக்கும். ஒரு வாரத்தில் தீர்ந்தது. அதே வேர் தட்டைத் துளைத்து 60 சென்டிமீட்டர் போனால் 90 மில்லிமீட்டர், மூன்று வாரத்துக்கு மேல். பூவிலிருந்து காய் பிடிக்கிற வரைக்குமான இடைவெளி கிட்டத்தட்ட அவ்வளவுதான். மண்ணின் எதிர்ப்பு காற்று மண்டல அழுத்தத்தைப்போல் இருபது மடங்கை எட்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் நின்றுவிடும் என்று அளந்திருக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது வேரை விடுகிற அதே தட்டு, காய்ந்தால் விடாது. ஆகவே சீக்கிரம் விதைத்தவரின் வேர் தட்டு இளகியிருக்கும்போதே அதைக் கடந்துவிடுகிறது; பத்து நாள் உழுதுகொண்டிருந்தவரின் வேர் வரும்போது கதவு சாத்தியிருக்கிறது. உழாமல் விதைப்பதன் பலம் உழாததில் இல்லை, அது சேமித்துத் தருகிற நாட்களில் இருக்கிறது.

ரொட்டவேட்டர் இந்தத் தட்டை ஒன்றும் செய்யாது. மேல் அரைச் சாணை மாவாக்கிவிட்டு, பார்வைக்குப் பஞ்சுமெத்தை விரித்துக் காட்டும். முதல் தண்ணீருக்கு அந்த மாவு படிந்து ஏடு கட்டும். நான் இந்த விஷயத்தில் கொஞ்சம் ஓரவஞ்சனைக்காரன்தான். கழனியை அழகாக்கும் கருவிகள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. தட்டை உடைக்க உளிக்கலப்பை வேண்டும். அரை மீட்டர் இடைவெளியில் ஒரு வாட்டமாக ஓட்டி, அதற்குக் குறுக்கே மறுபடி ஓட்டி, ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரமோ மக்கிய தென்னைநார்க் கழிவோ இடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. ஆனால் நன்செயில் தட்டை உடைத்தால் அடுத்த நெல்லுக்குத் தண்ணீர் நிற்காது. நெல்லா சோயாவா என்று நிலத்துக்குச் சொந்தக்காரர் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் இது. பெரும்பாலோர் நெல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் குற்றம் காண என்னால் முடியவில்லை.

உழவு தொடுகிற இன்னொரு இடம் வேர்முடிச்சு. நூறு கிராம் சோயாவில் நாற்பது கிராம் வரை புரதம். அவ்வளவு தழைச்சத்தை மண்ணிலிருந்து மட்டும் எடுத்துவிட முடியாது. பாதிக்கு மேல் காற்றிலிருந்து வர வேண்டும், முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா அதைப் பிடித்துத் தர வேண்டும். இந்த பாக்டீரியா உளுந்துக்குரியது அல்ல, பிராடிரைசோபியம் ஜப்பானிக்கம் என்கிற தனி இனம். சோயாவே கண்டிராத திண்டிவனத்துக் கழனியில் அது இருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் விதையை ஆறிய கஞ்சியில் ரைசோபியம் கலந்து புரட்டி நிழலில் உலர்த்தச் சொல்கிறார்கள். பாக்டீரியா வந்தால் போதாது, அதற்குக் காற்றும் வேண்டும். செடியைப் பிடுங்கி ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நம் இரத்தச் சிவப்புக்கு உறவான ஒரு புரதம் உயிர்வளியை அளந்து ஊட்டுகிற நிறம் அது. சேறு இறுகிய இடத்தில் முடிச்சு சிறுத்து, பச்சையாகவோ சாம்பலாகவோ இருக்கும்.

மணிச்சத்துக்கும் ஒரு பங்கு உண்டு. தண்ணீர் கட்டிய கழனியில் இரும்பு உருமாறி, தன்னோடு பிணைந்திருந்த பாஸ்பரசை விட்டுக்கொடுக்கும். நெல் அதை அனுபவிக்கும். தண்ணீர் வடிந்து காற்று பட்டதும் இரும்பு மறுபடி துருவாகி பாஸ்பரசைப் பிடித்துக்கொள்ளும். நெல்லுக்கு இட்ட டிஏபியின் மிச்சம் சோயாவுக்கு உதவும் என்ற நம்பிக்கை அதனால் பாதிதான் பலிக்கும். உழாத கழனியில் அடியுரத்தை மண்ணுக்குள் செலுத்தவும் வழியில்லை. நெல்தரிசுப் பயறுக்குப் பூக்கும் தருணத்திலும் பதினைந்து நாள் கழித்தும் 2 விழுக்காடு டிஏபி கரைசலை இலைமேல் தெளிக்கச் சொல்வது இந்த முட்டுக்கட்டையைச் சுற்றிப்போகிற வழி.

அறுவடை இயந்திரம் வந்தபின் இந்தக் கணக்கெல்லாம் இன்னொரு தடவை மாறிவிட்டது. கையறுப்புக் காலத்தில் அறுப்புக்கு ஐந்து முதல் பத்து நாள் முன்னரே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தை வீசிவிடுவார்கள். ஆடுதுறை 3 போன்ற ரகங்கள் அந்த வாழ்க்கைக்காகவே வளர்க்கப்பட்டவை. இப்போது டன் கணக்கில் எடையுள்ள வண்டி ஈரக் கழனியில் ஏறி இறங்குகிறது. டயர் வண்டி போன தடத்தில் ஒன்றும் முளைப்பதில்லை. செயின் வண்டி பாரத்தைப் பரப்பிப் போகும், வாடகை கூடுதல். வண்டி அறுத்துப் போட்ட வைக்கோலை மறுநாளே கட்டுக்கட்டும் இயந்திரம் வந்து சுருட்டிக்கொண்டு போகிறது. மாட்டுக்கு அது வேண்டும், விலையும் இருக்கிறது. மண்ணுக்குப் போர்வை வேண்டும் என்று ஜாவாவைக் காட்டிப் பேசுகிறவர்கள் இந்த வைக்கோல் விலையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் மல்லாட்டை எனும் நிலக்கடலையாலும் எள்ளாலும் பேர்பெற்ற இடம். டிஎம்வி 2 என்று இந்தியா முழுக்கப் பயிரான நிலக்கடலை ரகத்தின் மூன்று எழுத்துகள் இந்த ஊரின் பெயர்தான். சோயாவுக்குக் கோவையிலிருந்து கோ 1, கோ 2, கோ (சோயா) 3 என்று ரகங்கள் வந்தன; கிட்டத்தட்ட மூன்று மாதப் பயிர்கள். இருந்தும் சோயா இந்த மாவட்டத்தில் வேரூன்றவில்லை. உளுந்து மூட்டையை வாங்க ஆள் இருக்கிறது, இட்லிக்கடை இருக்கிறவரை இருக்கும். சோயா மூட்டையை எங்கே கொண்டுபோவது? மீல் மேக்கராக நம் குருமாவில் மிதக்கிற சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைந்தது. சந்தை இல்லாத பயிருக்கு உழவு முறையைச் செப்பம் செய்து என்ன பயன் என்று கேட்கலாம். சோயாவுக்கு வேண்டிய மண்தான் உளுந்துக்கும் மல்லாட்டைக்கும் வேண்டும் என்பதே என் பதில்.

ஆகவே கழனி வைத்திருக்கும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த புரட்டாசியில் டிராக்டர்காரர் சேடை ஓட்ட வரும்போது, ஓரத்து அரைக்காணியில் மட்டும் இரண்டு ஓட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். மீதியில் வழக்கம்போல் ஓட்டட்டும். தையில் தண்ணீர் வடித்து ஐந்தாம் நாள், அரை அங்குல இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துப்போய் இரண்டு இடத்திலும் பத்துப் பத்து முறை கையால் குத்திப் பாருங்கள். எத்தனை விரற்கடை இறங்கியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதன்பின் விதை வாங்கப் போங்கள்.